காமா கேமராவுக்குக் காலையில் அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் எந்த ஆட்டோவின் முதுகைப் பார்த்தாலும், எந்த நாளிதழின் உட்பக்கத்தைப் புரட்டினாலும் ஸ்கேன் மைய விளம்பரம் ஒன்று கண்ணில் படுகிறது. ‘அதிநவீன’ என்ற சொல் அதில் தப்பாமல் இருக்கும். தேனி, கம்பம், பரமக்குடி, சிவகங்கை என்று பல ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளும் கூட வருகிறவர்களும் ஆரப்பாளையத்திலும் மாட்டுத்தாவணியிலும் இறங்கி, “புது மெஷின் எங்கே இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டு போகிறார்கள். கதிரியக்க மருந்தை ஊசி வழியாக உடம்புக்குள் அனுப்பி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று வெளியிலிருந்து படம் பிடிக்கும் அணு மருத்துவ ஸ்கேன்களுக்கு இந்தக் கேள்வி பாதிதான் பொருந்தும். எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன், சிறுநீரக ஸ்கேன், இதய ஸ்கேன், பெட்-சிடி எல்லாம் இந்த வகை. இவற்றில் பெட்-சிடி தவிர மற்றவற்றைப் படம் பிடிக்கும் இயந்திரம் காமா கேமரா. பத்து வருடம் ஓடிய காமா கேமரா, தினமும் சோதித்து ஓட்டினால், கவனிப்பாரற்ற புது இயந்திரத்தைவிட நல்ல படம் தரும். 1957-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய கேமராவின் எலும்புக்கூடுதான் இன்றைக்கும் பெரும்பாலான காமா கேமராக்களுக்குள் இருக்கிறது. படம் எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

இந்த ஸ்கேனின் அடிப்படைச் சிக்கல் வெளிச்சப் பஞ்சம். பெரும்பாலான பரிசோதனைகளுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள், 140 கேஇவி (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் காமா கதிரை விடுகிறது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. கதிர் எல்லாத் திசையிலும் கிளம்புவதால், கேமராவின் முகப்பில் கொலிமேட்டர் என்ற ஈயப் பலகையை மாட்டுகிறார்கள். தேன்கூடு போல ஆறு மூலைத் துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். துளைக்கும் துளைக்கும் நடுவே ஈயச் சுவர் 0.2 மி.மீ. அளவுதான். நேராக வரும் கதிர் உள்ளே போகும், சாய்ந்து வருவது ஈயத்தில் மடியும். உடம்பிலிருந்து கிளம்பும் பத்தாயிரம் கதிரில் ஒன்று தேறினால் பெரிது. ஒரு புள்ளியில் 100 கதிர்கள் பதிவானால் அதில் 10 சதவீதம் வெறும் தற்செயல் ஆட்டம். 10,000 பதிவானால் 1 சதவீதம். ஆட்டத்தைப் பாதியாக்க நேரத்தையோ மருந்தளவையோ நாலு மடங்காக்க வேண்டும். மருந்தைக் கூட்டினால் நோயாளிக்குக் கதிர்வீச்சு கூடும். ஆகவே கிடைக்கிற கொஞ்சத்தைச் சிந்தாமல் பிடிப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

காசே செலவில்லாமல் சரி செய்யக்கூடியது தூரம். வழக்கமாக மாட்டியிருக்கும் ‘குறைந்த ஆற்றல், அதிகத் தெளிவு’ வகைக் கொலிமேட்டரை உடம்பை ஒட்டி வைத்தால் ஏறத்தாழ 5 மி.மீ. அளவுக்குப் பிரித்துக் காட்டும். 10 செ.மீ. தள்ளினால் 7 அல்லது 8 மி.மீ. ஆகிவிடும். 20 செ.மீ. தள்ளினால் 12 மி.மீ.க்கு மேல் போய்விடும். பக்கத்துப் பக்கத்து விலா எலும்புகள் ஒரே கறையாகத் தெரியும். நோயாளி மூக்கில் இடித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் கேமராவின் தலையை ஒரு சாண் மேலேயே நிறுத்தி முழு உடம்பையும் ஓட்டி முடிப்பது நடக்கிற காரியம்தான். உடம்பின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தலை ஏறி இறங்கும் வசதி பல இயந்திரங்களில் இருக்கிறது. அது பழுதானால் யாரும் அவசரமாகச் சரி செய்வதில்லை, ஸ்கேன் நின்றுவிடாது என்பதால்.

அடுத்தது வேகம். எலும்பு ஸ்கேனில் மேசை நிமிடத்துக்கு 10 முதல் 15 செ.மீ. நகர வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு 11 முதல் 17 நிமிடம். அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் பதிவாகும் கதிர் பாதியாகும், ஆட்டம் 40 சதவீதம் கூடும். திரையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. மென்பொருள் வழவழப்பாக்கிக் காட்டிவிடும். முதுகெலும்பில் இருக்கும் சின்னப் புள்ளி அந்த வழவழப்பில் கரைந்து போயிருக்கும்.

இனி காலை வேலைக்கு வருகிறோம். கேமராவுக்குள்ளே அயோடின் சேர்ந்த சோடியம் உப்பின் கிரிஸ்டல் ஒன்று, பெரும்பாலும் 9.5 மி.மீ. கனத்தில், பெரிய சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கிறது. காமா கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிவிடும். அதன் பின்னால் ஐம்பது அறுபது ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அந்த மினுக்கை மின்சாரமாக்குகின்றன. எந்தக் குழாயில் எவ்வளவு விழுந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் இயந்திரம் கதிர் விழுந்த இடத்தைக் கணிக்கிறது. எல்லாக் குழாயும் ஒரே அளவுக்குப் பெருக்க வேண்டும். ஆனால் குழாய்க்குப் போகும் உயர் மின்னழுத்தம் 1 சதவீதம் ஆடினாலே பெருக்கம் 5 சதவீதத்துக்கு மேல் ஆடும். அறை வெப்பம் மாறினாலும் ஆடும். வயதாக ஆக ஒவ்வொரு குழாயும் தன் போக்கில் தளரும். இதைக் கண்டுபிடிக்கத்தான் தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் ‘ஃப்ளட்’ எடுக்க வேண்டும்: முகப்பு முழுவதும் ஒரே சீராகக் கதிர் விழச் செய்து, படமும் சீராக வருகிறதா என்று பார்ப்பது.

முதலில் பீக், அதாவது பதிவாகும் கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில் எழும் மேட்டைப் பார்க்க வேண்டும். டெக்னீஷியத்தின் மேடு 140-இல் நிற்கிறதா, எந்த ஆற்றல் முதல் எது வரை ஏற்பது என்று வைக்கும் 20 சதவீத விண்டோ அதன் நடுவில், அதாவது 126 முதல் 154 வரை, உட்கார்ந்திருக்கிறதா? சீராகக் கதிர் விடும் கோபால்ட்-57 சோதனைத் தகட்டை வைத்துச் சோதித்தால் மேடு 122-இல் நிற்க வேண்டும். சோதனை முடிந்ததும் விண்டோவை டெக்னீஷியத்துக்கு மாற்ற மறப்பது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், நடக்கிறது. பீக் நகர்ந்தால் ஆபத்து எப்படி வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு: உடம்புக்குள் 45 டிகிரி திரும்பிச் சிதறிய கதிர்கூட 140-இலிருந்து ஏறத்தாழ 130-க்குத்தான் இறங்கும். அது சரியாக வைத்த விண்டோவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. விண்டோ இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தால் இப்படி வழி தவறி வந்த கதிர்கள் கூட்டமாக நுழைந்து படத்துக்கு மேல் பனி மூட்டம் போடும்.

பிறகு ஃப்ளட். கொலிமேட்டரின் மேல் கோபால்ட் தகட்டை வைத்து 30 முதல் 50 லட்சம் கதிர்கள் சேரும்வரை எடுக்க வேண்டும். கொலிமேட்டரைக் கழற்றி எடுப்பதானால் சின்னதொரு டெக்னீஷியப் புள்ளியை, கேமரா முகப்பின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்தில் வைத்து, விநாடிக்கு 20,000 முதல் 30,000 கதிருக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். அதிகமாகப் போனால் இயந்திரம் திணறி, அதுவே ஒரு குறையைப் படத்தில் போட்டுவிடும். சீர்மை வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. ஆனால் கணினி தரும் எண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வட்டமாக ஒரு இடம் வெளுத்தோ கறுத்தோ தெரிந்தால் அங்கே குழாய் ஒன்று படுத்திருக்கிறது. எண் 4.6 என்று வந்து ‘பாஸ்’ காட்டும், ஆனால் நடுவிலே ஒரு வெளிர் வட்டம் தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் இதயம் வந்து உட்கார்ந்தால்?

குறை எங்கே என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கொலிமேட்டரோடு எடுத்த படத்தில் தெரிகிற குறை கொலிமேட்டர் இல்லாமல் எடுத்ததில் காணாமல் போனால், குற்றவாளி கொலிமேட்டர். ஸ்ட்ரெச்சர் இடித்தால் போதும், 0.2 மி.மீ. ஈயச் சுவர் மடங்கி அந்த இடத்தில் துளை அடைபட்டுவிடும். தகட்டைத் திருப்பி வைத்ததும் குறையும் கூடவே திரும்பினால் குற்றம் தகட்டில். புதிதாக வந்த கோபால்ட் தகடு இன்னொரு வம்பு செய்யும். அதில் கோபால்ட்-56, 58 கலப்படம் சிறிது இருக்கும். அவற்றின் அதிக ஆற்றல் கதிர்கள் கொலிமேட்டர் சுவரைத் துளைத்துப் படத்தின் நடுவைத் தூக்கிக் காட்டும். சில மாதத்தில் தானாகத் தணியும். அதுவரை தகட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுக்கலாம். இது தெரியாமல் சர்வீஸ் இன்ஜினீயரை வரவழைத்து, நல்ல குழாய்களைத் திருகி, இருந்த சீர்மையையும் கெடுத்துக்கொள்வது உண்டு. ஒரு இடத்தில் மட்டும் சுள்ளென்று புள்ளி தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முந்தின நாள் நோயாளியின் சிறுநீர்த் துளி. மேசை விரிப்பை உருவி, முகப்பைத் துடைத்து, மறுபடி எடுத்துப் பாருங்கள்.

தகட்டுக்கும் வயது உண்டு. கோபால்ட்-57 பாதியாகக் குறைய 272 நாள். ஒரு வருடத்தில் 40 சதவீதம்தான் மிஞ்சும், இரண்டு வருடத்தில் 16 சதவீதம். முதல் மாதத்தில் மூன்று நிமிடத்தில் முடிந்த ஃப்ளட், இரண்டு வருடம் கழித்துப் பதினெட்டு நிமிடம் பிடிக்கும். புதுத் தகடு வாங்க ஒப்புதல் வராது. வெளியில் நோயாளி காத்திருப்பார். கடைசியில் 40 லட்சத்துக்குப் பதில் 10 லட்சத்தில் நிறுத்திவிடுவார்கள். பதிவேட்டில் ‘சரி’ என்று இருக்கும். பல இடங்களில் தினசரிச் சோதனை சாகிற விதம் இதுதான், யாரும் வேண்டுமென்று கொல்வதில்லை.

கேமரா சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுக்கும் ஸ்பெக்ட் பரிசோதனையில் இந்தச் சின்னக் குறைகள் பெருகும். தட்டைப் படத்தில் புள்ளியாகத் தெரியும் குறை, கேமரா சுழலும்போது வட்ட வளையமாகப் படத்தில் பதியும். அதனால் இதற்கான சீர்மைத் திருத்தப் படத்தைப் பல லட்சத்தில் எடுத்தால் போதாது. 64க்கு 64 கட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் 10,000 கதிர் விழ வேண்டுமானால் 3 அல்லது 4 கோடி வேண்டும். 128க்கு 128 என்றால் 12 கோடி. சுழற்சி மையம் அரைக் கட்டத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒரு முழுக் கட்டம் விலகினால் கடுகு போன்ற புள்ளி உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு தெரியும். மாதம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். எடுத்து முடித்ததும் நோயாளியை மேசையிலிருந்து இறக்குவதற்கு முன்னால், எல்லாக் கோணப் படங்களையும் சினிமா போல ஓட்டிப் பார்க்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் வயதானவர் தோள் வலியில் ஒரு கட்டம் அசைந்தாலும் இதயச் சுவரில் இல்லாத அடைப்பு தோன்றும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, கைக்கு ஒரு தாங்கி. இவற்றை விலை உயர்ந்த மென்பொருளைவிட நாங்கள் மதிக்கிறோம்.

மதுரைக்கென்று ஒரு தனிக் கஷ்டம், வெயிலும் கரண்டும். கிரிஸ்டல் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. சட்டென்று சூடு மாறினால் கண்ணாடி போல விரிசல் விடும். மணிக்கு 3 டிகிரிக்கு மேல் அறை வெப்பம் மாறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி நின்று ஒரு மணி நேரத்தில் அறை 22-இலிருந்து 30-க்கு ஏறிவிட முடியும். பல இடங்களில் யுபிஎஸ் கேமராவையும் கணினியையும் தாங்கும், ஏசியைத் தாங்காது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது ஏசி தானாகத் திரும்ப ஓட வேண்டும். இரவுக் காவலருக்கு அந்த அறையின் வெப்பமானியைப் பார்க்கத் தெரிய வேண்டும். ‘சிக்கனம்’ என்று இரவில் ஏசியையும் கேமராவையும் அணைப்பது பெரிய நஷ்டத்தில் முடியும். கேமராவை எப்போதும் மின்சாரத்திலேயே வைத்திருக்க வேண்டும், அணைத்துப் போட்டால் குழாய்கள் நிலைப்பட மணிக்கணக்காகும். கொலிமேட்டரைக் கழற்றினால் கிரிஸ்டலுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு மட்டும்தான். எனவே இரவில் கொலிமேட்டர் மாட்டியே இருக்கட்டும், ஏசி காற்று நேராக முகப்பில் அடிக்க வேண்டாம். ஈரம் இறங்க ஆரம்பித்த கிரிஸ்டலை முன்கூட்டியே பிடிக்கவும் வழி இருக்கிறது. விண்டோவை வேண்டுமென்றே பீக்கிலிருந்து மேலோ கீழோ நகர்த்தி ஒரு ஃப்ளட் எடுத்தால், வழக்கமான படத்தில் மறைந்திருக்கும் ஈரப் புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

கதிரியக்க மருந்து கலக்கும் ஹாட் லேபில் கெடுகிற படங்களும் உண்டு. கேமரா மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் படத்தையே கேட்கலாம், அது சொல்லும். எலும்பு ஸ்கேனில் தைராய்டும் வயிறும் உமிழ்நீர்ச் சுரப்பியும் தெரிந்தால், டெக்னீஷியம் எலும்பு மருந்தோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றுகிறது. எம்டிபி என்ற அந்த எலும்பு மருந்தின் குப்பிக்குள் காற்று போய் அதிலுள்ள வெள்ளீய உப்பைக் கெடுத்துவிட்டது என்று பொருள். டோஸ் உறிஞ்சும்போது ஊசியால் காற்றைக் குப்பிக்குள் அடிக்கும் பழக்கம்தான் வழக்கமான காரணம். ஈரல் தெரிந்தால் மருந்தில் கொலாய்டு என்ற நுண்துகள்கள் உருவாகியிருக்கக்கூடும். காகிதப் பட்டை ஒன்றில் அசிட்டோன், இன்னொன்றில் சலைன் என்று ஓட்டிப் பார்த்தால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சில நிமிடத்தில் தெரியும். 90 சதவீதத்துக்குக் குறைந்தால் ஊசி போடக் கூடாது. நன்றாகக் கலந்தால் 95-க்கு மேல் வரும். டெக்னீஷியம் தரும் கலத்துக்கும் ஜெனரேட்டர் என்றுதான் பெயர்; அதிலிருந்து டெக்னீஷியத்தை எடுப்பதைக் கறப்பது என்போம். ஞாயிற்றுக்கிழமை கறக்காமல் விட்ட ஜெனரேட்டரைத் திங்கட்கிழமை கறந்தால், பயனில்லாத டெக்னீஷியம்-99 அதிகமாகக் கலந்து வந்து மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமைப் படங்கள் சுமாராக வருவதற்குப் பலர் தேடும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அயோடின்-131 போட்ட நோயாளியை எடுக்கும்போது அதிக ஆற்றல் கொலிமேட்டரை மாட்டாமல் விட்டால் 364 கேஇவி கதிர்கள் மெல்லிய சுவர்களைத் துளைத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றி ஆறு முனை நட்சத்திரம் வரையும். அதிக அளவு மருந்து கொடுத்தபின் எடுத்தால் சரியான கொலிமேட்டரிலும் கொஞ்சம் வரும். அந்த அளவைத் தாண்டினால் கொலிமேட்டர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நோயாளி பக்கம். இதில்தான் தமிழில் எழுதிய ஒரு தாள் எந்தச் சாதனத்தையும்விட அதிக வேலை செய்யும். எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படம். அதற்குள் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துப் பல முறை சிறுநீர் கழித்தால்தான் சதையில் தங்கிய மருந்து வெளியேறி எலும்பு பளிச்சென்று தெரியும். (சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.) உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ முதுகுளத்தூரிலிருந்தோ விடியற்காலையில் பஸ் ஏறி வரும் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வழியில் எங்கே போவது என்ற கவலை. மையத்துக்கு வந்தபின், நோயாளிகளுக்கென்று தனியாக ஒதுக்கிய கழிப்பறை பூட்டியோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற நிலையிலோ இருந்தால் அங்கேயும் குடிக்க மாட்டார்கள். படத்தில் சதை சாம்பல் பூத்து, எலும்பு மங்கி, இடுப்புக்குள் நிரம்பிய சிறுநீர்ப்பை சூரியன் மாதிரி எரியும். அதற்குப் பின்னாலிருக்கும் இடுப்பெலும்பு தெரியாது. சுத்தமான கழிப்பறையும் படத் தரத்துக்கான உபகரணம்தான். கொள்முதல் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை.

உலோகம் கதிரை மறைக்கும். அரைஞாண் கொடி, தாயத்து, இடுப்புச் சாவிக்கொத்து, சட்டைப் பையில் சில்லறை எல்லாம் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரித் தெரியும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்படும். அதட்டிக் கழற்ற வைப்பது முறையல்ல. ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிய மஞ்சள் கயிற்றை மாற்றிப் போட்டுக்கொள்ள முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொண்டு வருவார்கள். ஊசி போடும் கை எது என்று பதிவது இன்னொரு சின்ன விஷயம். மருந்து ரத்தக்குழாயை விட்டுச் சதையில் கசிந்தால் அக்குளில் நெறிகட்டி தெரியும். எந்தக் கை என்று குறிப்பு இல்லாவிட்டால் மார்பகப் புற்றுநோய் பரவியதாகப் படிக்கப்படும் அபாயம் உண்டு. நோய் இல்லாத பக்கக் கையில் போட்டு, பின்னாலேயே சலைன் தள்ள வேண்டும்.

இதய ஸ்கேனில் ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் மருந்து கொடுப்பதானால் 12 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம், காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது. “காபி இல்லை, டீதான் குடிச்சேன்” என்று வருகிறவர்களுக்கு அன்றைக்கு ஸ்கேன் செய்தால், மருந்து வேலை செய்யாமல் அடைப்பு உள்ளவருக்கும் ‘நார்மல்’ என்று வந்துவிடும். தைராய்டு ஸ்கேனுக்கு முந்தைய சில வாரங்களில் அயோடின் கலந்த சாயத்தோடு சிடி எடுத்திருந்தால், சுரப்பி அந்த அயோடினிலேயே நிரம்பி ஊசி மருந்தை வாங்காது. இதைக் கேட்காமலே ஊசி போட்டுவிட்டால் படம் வெறுமையாக வரும். குழந்தைகளின் சிறுநீரக ஸ்கேனுக்குப் பால் கொடுத்து, தூங்கும் நேரத்தில், பழைய வேட்டியில் இறுக்கமாகச் சுற்றிக் கிடத்தினால் பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. நம் பாட்டிமார்கள் சுற்றுகிற அதே சுற்றுதான்.

பெட்-சிடிக்கு வருவோம். அங்கே ஃப்ளோரின்-18 கலந்த சர்க்கரை போன்ற மருந்து. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். இதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் உள்ள ஊரிலிருந்து நாலு மணி நேரம் சாலையில் வந்தால் 22 சதவீதம்தான் கையில் மிஞ்சும். வழியில் வண்டி நின்றால் அன்றைய கடைசி நோயாளிகளுக்குக் கிடைக்கும் படம் நொய்ந்துவிடும். ஆறு மணி நேரம் பட்டினி. தண்ணீர் மட்டும். ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் ஊசிக்கு முன்னால் கூடவே கூடாது. பரிசோதனை முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் புற்றுக்கட்டி மருந்தை வாங்கப் போட்டியிட வேண்டியிருக்கும். சர்க்கரையை இறக்க உடனே இன்சுலின் போட்டுவிட்டு மருந்தைச் செலுத்தினால், மருந்து முழுக்கத் தசைக்குள் ஓடிவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை படத்தில் குடலை மின்ன வைக்கும். நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முந்தின நாள் வயலில் பாரம் தூக்கினால் தோள் தசையும், ஊசிக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் போன் பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளையும் மின்னும். வெற்றிலை பாக்கு, புகையிலை மென்றால் தாடையும் நாக்கும் மின்னும். வாய்ப் புற்றுநோயாளிகள் நிறைய வருகிற பகுதி இது. தேட வேண்டிய இடத்திலேயே பொய் வெளிச்சம் விழும். காத்திருக்கும் அறை ஏசியில் நடுங்கினால் கழுத்தோரத்துப் பழுப்புக் கொழுப்பு மருந்தைக் குடிக்கும், நெறிகட்டி என்று சந்தேகம் வரும். வெயிலில் வேலை செய்து பழகிய உடம்புக்கு 22 டிகிரி நடுக்கம்தான். ஒரு போர்வை கொடுங்கள்.

சிடி எடுக்கும்போது “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்று பழக்க தோஷத்தில் சொல்வது பெட்-சிடியில் தவறு. பெட் பகுதி பல நிமிடம் சாதாரண மூச்சிலேயே எடுக்கப்படுகிறது. இரண்டும் பொருந்தாமல் ஈரலின் மேலே வாழைப்பழ வடிவில் வெளிறிய பட்டை விழும். ஈரல் உச்சியில் உள்ள கட்டி நுரையீரலில் இருப்பதாகத் தோன்றும்.

அறிக்கையில் வரும் எஸ்யூவி எண்ணை, அதாவது கட்டி எவ்வளவு மருந்தை வாங்கியது என்பதன் அளவைப் பார்த்துத்தான் கீமோ வேலை செய்கிறதா என்று பலர் முடிவெடுக்கிறார்கள். அந்த எண்ணில் நோயாளியின் எடை இருக்கிறது. 55 கிலோ ஆளை, பழைய சீட்டைப் பார்த்து 65 என்று எழுதினால் எண் 18 சதவீதம் கூடும். கீமோவில் மெலிந்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். டோஸ் அளக்கும் கருவியின் கடிகாரமும் பெட் கணினியின் கடிகாரமும் 10 நிமிடம் வேறுபட்டால் 6 சதவீதம் பிழை. சிரிஞ்சில் மிச்சமிருந்ததை அளந்து கழிக்காவிட்டால் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். முதல் ஸ்கேன் ஊசிக்கு 60-ஆவது நிமிடத்திலும் இரண்டாவது 90-ஆவது நிமிடத்திலும் எடுத்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மறு ஸ்கேனை முதலில் எடுத்த அதே இடத்தில் எடுங்கள், பழைய படங்கள் பதிந்த சிடி தட்டை மறக்காமல் கொண்டு போங்கள்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணு மருத்துவப் பிரிவுகளில் தரச் சோதனையையும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அரசும் தனியாரும் இயந்திரம் வாங்கும்போது டெண்டரில் இந்தச் சோதனைக்கான பொருள்கள் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. தென் மாவட்டங்களில் இனி அமைக்கும் ஒவ்வொரு பிரிவின் டெண்டரிலும் சில வரிகள் சேர வேண்டும்: இரண்டு வருடத்துக்கு ஒரு கோபால்ட் தகடு, படத் தெளிவைச் சோதிக்கும் மாதிரிப் பொருள்களான பார் ஃபான்டம், ஸ்பெக்ட் ஃபான்டம், ஏசிக்கும் சேர்த்து மாற்று மின்சார ஏற்பாடு, காலை முதல் நோயாளிக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிய நேரப் பட்டியல். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் இவை கறிவேப்பிலைக் காசு.

கடைசியாக ஒன்று. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகை இருக்கும் இடத்தில், அன்றன்றைய காலை ஃப்ளட் படத்தைத் தேதியும் எண்ணும் எடுத்தவர் கையெழுத்தும் போட்டு ஒட்டலாம். ஏ4 தாள் போதும்.

இப்படிக்கு,
அணு மருத்துவத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.